லாபமும் அந்த எண்ணும்

பழைய பெட்டியில் அகப்பட்ட சிலேட்டை ஈரத் துணியால் துடைத்தபோது எழுந்த வாடையில், பழுகாமத்து வாவிக்கரையில் நின்று ஒரு வெள்ளத்தோடு போய்விட்ட எங்கள் கிடுகுப் பள்ளிக்கூடமும், இடுக்கால் நுழைந்து சிலேட்டுத் தூளைக் கண்ணில் அள்ளிப் போடும் காற்றும், 9973 என்ற அந்தப் பாழாய்ப்போன எண்ணும் சேர்ந்தே திரும்பி வந்தன. அதை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்கள் எவை என்று வாத்தியார் கேட்டிருந்தார். இரண்டு, மூன்று, ஐந்து என்று தொடங்கித் தொண்ணூற்றேழு வரை, குச்சி கிறீச்சிட மூன்று நாள் வகுத்து, எச்சிலால் அழித்து, மறுபடி வகுத்தும் ஒவ்வொரு முறையும் மிச்சம் வந்தது.

நாலாம் நாள் எழுந்து சொன்னேன். “லாபமும் அந்த எண்ணும்தான் வாத்தியார். வேற எதாலயும் போகாது.”

வகுப்பே சிரித்தது. “இதென்ன களவெட்டியா புள்ள?” என்றார் வாத்தியார்.

சூடடித்த களவெட்டியில் நெல் அளக்கும் என் அப்பா முதல் மரைக்காலை ‘லாபம்’ என்றுதான் எண்ணுவார், அடுத்ததுதான் இரண்டு. வீட்டிலும் எங்களை அப்படித்தான் எண்ணப் பழக்கினார்.

வாத்தியார் என் சிலேட்டில் முட்டை போட்டுவிட்டு, கரும்பலகையில் ‘ஒன்றும் 9973உம்’ என்று விடையை எழுதினார்.

இரண்டு விடையும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் ‘லாபம்தான்’ என்று வந்துவிடுமோ என்று பயந்து உட்கார்ந்துவிட்டேன்.