வீடு திரும்பும் சட்டை

எங்கள் மேல்வீட்டு அக்காவுக்கு ஒரு பழக்கம். புருஷன் வேலைக்குக் கிளம்பும்போது அழுக்குச் சட்டையோடு அனுப்புவாள். இஸ்திரி போட்ட நல்ல சட்டையை மடித்துப் பையில் வைப்பாள். ஊரெல்லாம் வேலைக்குப் போகத்தான் டிப்டாப்பாக உடுத்தும். இந்த வீட்டில் மட்டும் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதற்கு.

காரணம் இருந்தது. அவர் பைக் மெக்கானிக். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர். சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கால் பின்னும், நாக்கு குழறும், வேர்த்துக் கொட்டும். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷன் முழுப்போதையில் இருப்பவர்போல ஆகிவிடுவார். போன மழைக்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் அப்படித்தான் சரிந்தார். கிரீஸ் படிந்த சட்டை, பெட்ரோல் வாடை, கேட்கவா வேண்டும்? மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனார்கள். ஒரு புண்ணியவான், மற்றவர்கள் இடறி விழாமல் இருக்க, அவரைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டாராம். காலால்தான். பின்னால் வந்த பட்டறைக் கூட்டாளி ஸ்பானர்தான் டீக்கடையில் சர்க்கரை வாங்கி வாயில் போட்டுக் காப்பாற்றினான். ஸ்பானர் என்பது பட்டப்பெயர். ஆள் அவ்வளவு ஒல்லி.

அன்றைக்கு அக்கா அழவில்லை. நேரே கடைக்குப் போய் வெளிர்நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டை எடுத்து வந்தாள்.

"ஊரைத் திருத்த என்னால ஆகாது. சட்டையை மாத்தலாம்ல?" என்றாள்.

சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். ஸ்பானரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"தம்பி, அண்ணன் தள்ளாடினா யோசிக்காத. பாக்கெட்ல கைய விட்டு எடுத்து வாயில போட்டுடு. அப்படியே நீயும் ஒரு நல்ல சட்டை வெச்சுக்கோயேன்."

"எனக்கெதுக்கு அண்ணி? எனக்குத்தான் சர்க்கரை இல்லையே!"

எல்லாரும் சிரித்தோம்.

போன வாரம் மெக்கானிக் மறுபடி விழுந்தார், கடைவீதி நடுவில். அக்கா நினைத்தது கொஞ்சமும் தப்பவில்லை. "ஐயோ, சார் விழுந்துட்டாரு!" என்று நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் குடை பிடித்தார், ஒருவர் நாற்காலி தூக்கிவந்தார். ஆனால் அவர்களுக்கு முன்பே ஸ்பானர் பக்கத்தில் குனிந்திருந்தான். கிழிந்த பனியன், கறுப்பேறிய கை. அந்தக் கை சாரின் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"மயங்கிக் கிடக்கிறவர்கிட்டயே கைவரிசையா?" என்று ஆரம்பித்து ஆளுக்கு ஆள் சாத்தியிருக்கிறார்கள். "அவருக்குச் சர்க்கரை குடுங்க, சர்க்கரை குடுங்க" என்று அடிக்கு நடுவே கத்தினானாம். திருடன் சொல்வதை எவன் காதில் வாங்குவான்? கடைசியில் ஜூஸ் கடைக்காரம்மா தானாகவே ஒரு டம்ளர் கொண்டுவந்து புகட்ட, மெக்கானிக் கண் விழித்து, "ஐயோ, அவன் எங்க ஆளுங்க" என்றார். கூட்டம் மெல்லக் கலைந்தது. போகிறபோக்கில் ஒருவர், "அவனும் பாக்கிற மாதிரி டிரஸ் பண்ணிக்கலாம்ல" என்று யோசனை வேறு சொன்னாராம். யாரைப் போய்த் திட்டுவது?

மறுநாள் அக்காவோடு நானும் ஸ்பானர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. வலது கை விரல்கள் முறிந்து, கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

அக்கா தானாகவே தரையில் உட்கார்ந்தாள். "என்னாலதான்டா தம்பி" என்று சொல்லும்போதே உடைந்துவிட்டாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி."

கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணனைத் தனியா விட்டுட மாட்டேன். பின்னாடியேதான் வருவேன். ஆனா தொட மாட்டேன் அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இனிமே கை வராது. விழுந்தாருன்னா ஓடிப்போயி, நல்ல சட்டை போட்டவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வந்துடறேன்."

சரி என்று தலையாட்டிய அக்கா, பாதியில் நிறுத்தினாள்.

"நீ கூப்பிட்டா வருவாங்களாடா?"