மயிரிழை இறக்கம்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்குக் காதுதான் முதல் கருவி. கயிறு எங்கே உரசுகிறது, எந்தச் சக்கரம் எண்ணெய் கேட்கிறது என்பதை நம் மெக்கானிக் கதவைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு மாதமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். வீட்டில் அவர் வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார் சுருதி சேர மறுத்தது.

கிட்டார் என்றதும் மடியில் வைத்து மீட்டுவதை நினைக்க வேண்டாம். இது நாலு காலில் நிற்கும் மேசை மாதிரி. மேலே பத்துக் கம்பி. இடது கையிலுள்ள எஃகு உருளை கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். காலால் பெடலை அழுத்தினால் சில கம்பிகள் மட்டும் சுருதி ஏறும். இருபது வருடமாக அதை வாசித்தவர், ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு பிரித்தாயிற்று, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டரும் சொல்லியாயிற்று. ஆனால் பெடலை அழுத்தி மூன்று கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் பல் கூசியது.

கையில் பழுதில்லை என்றால் காதில்தான் பழுது. அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில்தான் காது மந்தமாகத் தொடங்கியது. வாத்தியத்தை விற்றுவிடலாம் என்றுகூட மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். விற்பது பெரிதில்லை, சத்தம் கேட்காதவனை நம்பி எவன் லிஃப்டில் ஏறுவான் என்பதுதான் உள்ளே அரித்தது.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்கும் சங்கீதத்துக்கும் காத தூரம். ஆனால் எதையும் ஒரே தடவை அளந்துவிட்டு நம்புகிற ஆள் இல்லை.

"முதல்ல அளந்து பாத்துடலாம். அப்புறம் அழலாம்" என்றாள்.

கம்பியின் சுருதியை முள்ளால் அளந்து காட்டும் ட்யூனரைத் தன் பக்கம் திருப்பிவைத்தாள். அவர் முள்ளைப் பார்க்காமல் காதால் மட்டும் சுருதி சேர்க்க வேண்டும். முள் நின்ற இடத்தை, ரத்தக் குப்பிகளில் ஒட்டும் சின்னச் சீட்டில் எழுதிக் கம்பிக்கு ஒன்றாக ஒட்டினாள். பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி சேர்க்கச் சொன்னாள். மறுநாள் வேலையிலிருந்து அலுத்துச் சலித்து வந்தவரை, செருப்பைக் கழற்றிய கையோடு இன்னொரு தடவை உட்காரவைத்தாள்.

எந்தக் கம்பியும் நடுக்கோட்டில் நிற்கவில்லை. ஒன்று கொஞ்சம் கீழே, ஒன்று அதைவிடக் கீழே, இன்னொன்று சற்று மேலே. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குத்தான் வந்து நின்றது. அவளுக்குப் புல்லரித்தது. கூடத்தில் இருக்கும் விலை உயர்ந்த இயந்திரத்தையே தினம் காலையில் சரிபார்த்துத்தான் நம்புவார்கள். இந்த மனிதரின் காதை யார் சரிபார்த்தார்கள்?

"உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலைங்க. கெட்டுப்போயிருந்தா தடவைக்குத் தடவை முள் இடம் மாறியிருக்கும்."

அப்படியானால் குட்டையைக் குழப்புவது யார்? பெடலை அழுத்தியபடியே கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டச் சொன்னாள். பெடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தடித்த கம்பியில் முள் மயிரிழை இறங்கியது. காலை எடுத்தார், ஏறியது. அழுத்தினார், இறங்கியது. பெடல் மற்ற கம்பிகளை இழுக்கும்போது வாத்தியத்தின் மரமே கொஞ்சம் வளைந்து, இது தளர்ந்துபோகிறது. வாங்கிய நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"அப்ப இத்தனை வருஷமா எப்படிச் சேந்துச்சு?" என்றார்.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, உருளையை லேசாகச் சாய்த்தாள். "கால் கீழ போறப்பல்லாம் உங்க கை இப்படிச் சாயும். கட்டு பிரிச்சதிலேருந்து விறைப்பா நேராவே நிக்குது."

பெடலை அழுத்தி மீட்டினார். தடித்த கம்பி இறங்கியதை அந்தச் சாய்வு ஏற்றிவிட, மூன்று கம்பியும் ஒரே குரலாகி அறையை நிறைத்தன.

மணிக்கட்டு பழையபடி வளைய நாளாகும். அதுவரைக்கும் சமாளிக்க, பெடலை அழுத்தாதபோதும் காதை உறுத்தாதபடி, அந்தத் தடித்த கம்பி இறங்குவதில் பாதியளவு மட்டும் அதை முன்கூட்டியே ஏற்றி, அந்தப் புது அளவை ட்யூனரில் பதிந்துவைத்தார்கள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இருபது வருடம் அது மரத்தின் குறையை மறைத்து வந்திருக்கிறது.

"எனக்கே தெரியலையே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத்தான் பாட்டு புரியாதே" என்றாள் அவள், சீட்டுகளை உரித்துக்கொண்டே. "இருபது வருஷமா உங்க கையைத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."