பத்து நாள் உடன்பாடு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் ‘பாதியக்கா’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. எந்தக் குடும்பச் சண்டையானாலும் நடுவில் கோடு கிழித்து, ஆளுக்குப் பாதி கொடுத்து அனுப்பிவிடுவாள். நோயாளிகளின் உறவினர்களோடு பேசுவதுதான் அவள் உத்தியோகம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எதிரே ஜன்னலில்லாத சின்ன அறை, மூன்று நாற்காலிகள். இருபது வருஷமாக அங்கேதான்.

அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. உன் நியாயத்தை நீ சொல்லாதே, எதிராளியின் நியாயத்தைச் சொல். ‘ஆமா, இதுதான்’ என்று அவர் தலையாட்டும்வரை சொல். வரிந்துகட்டிக்கொண்டு வந்தவர்களும் பத்தாவது நிமிஷம் குரல் தணிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படித்தான் ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. தொண்டையில் குழாய்; மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது.

“குழாய் மாட்டிக் கெடக்க மாட்டேன்னு அப்பா எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு” என்றான் அண்ணன்.

“உயிரக் குடுத்தது நாமளா? எடுக்க நாம யாரு?” என்றாள் தங்கை.

இடம் மாறிப் பேசி, இருவரும் அழுது தீர்த்தார்கள். பத்து நாள் பார்ப்பது, தேறாவிட்டால் குழாயை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பாதியக்காவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

நான்காம் நாள் காலை அவள் எட்டிப் பார்த்தபோது பெரியவர் கண்ணைத் திறந்திருந்தார். நர்ஸ் அடுத்த படுக்கை நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு விரலால் குழாயைத் தொட்டார். அப்புறம் அந்த விரலை மெல்ல வெளியே தள்ளிக் காட்டினார். மூன்று தடவை.

“எடுத்துடணுமா ஐயா?”

அவர் தலையை அசைத்தார். ஆமாம் என்றுதான்.

அவள் டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் ஆறின சண்டை மறுபடி மூண்டுவிடுமே என்று பயந்தாள். “இன்னும் ஆறு நாள்தான் ஐயா. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க” என்று அவர் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள். யாருடைய ஆறு நாளை யார் பங்கு போட்டுக் கொடுத்தார்கள் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. மத்தியானத்துக்குள் அவர் நினைவு தப்பிவிட்டது. பிறகு திரும்பவே இல்லை. பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள்; பிள்ளைகள் இருபக்கமும் நின்றிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பட்டப்பகலில்கூட அந்த விரல் அவளை விடவில்லை. புருஷன் கழுத்தருகே விரல் விட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்ன ஏது என்று அவரும் கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை அந்த அறைக்கு வந்தாள்.

“அண்ணனும் நானும் இப்ப நல்லா பேசிக்கிறோம்க்கா. எல்லாம் உங்களாலதான்.” சற்றுத் தயங்கினாள். “நாலாம் நாள் அப்பா கண்ணு முழிச்சாராமே. நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. ஏதாவது கேட்டாரா?”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

“இல்லம்மா” என்றாள் பாதியக்கா.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதான் எனக்கு ஆறுதல்க்கா. அவரே கேட்டிருந்தா அன்னிக்கே எடுக்கச் சொல்லியிருப்பேன். அவர் சொல்லுக்கு மேல எனக்கு என்ன இருக்கு?”