வாசலில் சாத்திய துடைப்பம்

டிசம்பர் முதல் வாரத்தோடு ஹவுக்கிநியெமி கிராமத்தில் சூரியன் கணக்கை முடித்துக்கொண்டது. இனி ஜனவரி நடுவில்தான் அது தலைகாட்டும். அதுவரை நடுப்பகலில் இரண்டு மணி நேரம் ஏரிக்கு மேலே ஒரு நீல வெளிச்சம் மட்டும் தங்கும். ஈர்யா கும்புலா பள்ளிக்கூட வேனின் விளக்கைப் போட்டால் போட்டதுதான், நாள் முழுக்க அணைக்க மாட்டாள்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. கணவன் போய்ச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. காலையும் மாலையும் ஏழு பிள்ளைகளை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவருவாள். அந்த இரண்டு பயணங்களின் கூச்சல்தான் அவள் காதில் விழும் மனிதச் சத்தம். வீட்டுக்கு வந்து எஞ்சினை நிறுத்தினால் சுவர்க் கடிகாரம் மட்டுமே பேசும்.

அதனால்தான் அந்த வருடம், வெளிநாட்டு மாணவியை ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று பள்ளியில் கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டினாள். வந்து இறங்கியவள் ஹிமேனா. சிலி நாட்டில் கடலோர ஊர்க்காரி. பதினேழு வயது. பனியை அவள் சினிமாவில்தான் பார்த்திருந்தாள். முதல் பனி விழுந்த அன்று வாயைத் திறந்துகொண்டு முற்றத்தில் நின்றாள். நவம்பர் முடிவதற்குள் அந்த ஆசை தீர்ந்துவிட்டது.

"ஈர்யா, இங்க காலை எப்ப வரும்?"

"இதுதான் காலை. கஞ்சியக் குடி."

"இது காலைன்னா, எங்க ஊர்ல இருக்கிறது என்ன?"

ஈர்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. ஆனால் அந்தப் பெண் போர்வைக்குள் முகத்தை வைத்து அழுவதும் அவள் காதில் விழாமல் இல்லை. தேற்றும் வார்த்தைகள் அந்த ஊர்க்காரர்களுக்குச் சுலபத்தில் வராது. ஒருநாள் வேன் சாவியை எடுத்து நீட்டி, "கிளம்பு, உனக்குக் கடல் காட்டுறேன்" என்று மட்டும் சொன்னாள்.

டிசம்பர் ஆறாம் தேதி, அந்த நாட்டின் சுதந்திர தின விடுமுறையில், வடக்கே மூன்று மணி நேரம் ஓட்டி, எல்லை தாண்டி, நார்வேயின் கரையில் போய் நின்றார்கள். அத்தனை குளிரிலும் உறையாத கடல். கருப்பாக, கோபமாகப் புரண்டுகொண்டிருந்தது. ஹிமேனா கையுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கை நனைத்தாள். அங்கேயே நின்றபடி ஊரிலிருந்த தம்பியைக் கைபேசியில் அழைத்தாள். பேச ஆரம்பித்த ஒரு நிமிடத்துக்குள் சண்டை. அவள் கத்தினாள், அவன் கத்தினான், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். பேசி முடிக்கும்போது அவள் கண்ணும் மூக்கும் ஒழுகின.

"என்ன சண்டை?" என்றாள் ஈர்யா.

"என் சைக்கிளை எடுத்து ஓட்டுறான், திருட்டுப் பய." மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள், "உங்களுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையா?"

ஈர்யா கடலைப் பார்த்தாள். 

இருந்தான். தாய்ஸ்தோ. மூன்று வயது மூத்த அண்ணன். ஏரிக்கு அந்தக் கரையில், வேனில் போனால் பதினைந்து நிமிடத்தில், தனியாக இருந்தான். ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

அம்மாவைக் கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் சேர்த்தது ஈர்யாதான். வேலையையும் பார்த்துக்கொண்டு, நினைவு தப்பிப்போன அம்மாவையும் பார்த்துக்கொள்ள அவளால் முடியவில்லை. தாய்ஸ்தோ அப்போது மரம் வெட்டும் வேலையில் காட்டுக்குள் கிடந்தான். அம்மாவை அடக்கம் செய்த அன்று, ஊர் மொத்தமும் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது அவன் எழுந்து நின்று சொன்னான்: "அம்மாவ மூட்டை கட்டி வெளிய அனுப்புனவ இவ." கோப்பைகள் அப்படியே நின்றன. ஈர்யா கோட்டை மாட்டிக்கொண்டு சொன்னாள்: "இனிமே உன் வாசப்படியில என் கால் படாது."

அந்த ஊரில் வார்த்தைகள் கம்மி. அதனால் சொன்ன வார்த்தைக்குக் கனம் அதிகம். ஆறு குளிர்காலம் அந்தக் கனத்தைச் சுமந்தாயிற்று.

கடலிலிருந்து திரும்பும் வழியில், பக்கத்து இருக்கையில் தூங்கிப்போன பெண்ணின் தலை ஈர்யாவின் தோளில் சாய்ந்தது. அப்போதே அவள் முடிவெடுத்தாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போவது. மன்னிப்புக் கேட்பதா, கேட்க வைப்பதா என்றெல்லாம் யோசிக்கவில்லை. போவது, அவ்வளவுதான்.

கடைக்காரி கெர்த்துவிடம் பேச்சுவாக்கில் விசாரித்தாள்.

"உங்க அண்ணனா? இருக்கான். போன்ல சாமான் சொல்லுவான், எங்க வீட்டுக்காரர் பனியில ஓடுற மோட்டார் வண்டியில ஏரி வழியாப் போய் அவன் கொட்டகையில வச்சுட்டு வருவார். இருமுறான்னு சொன்னார். ஏன்டி, பனி உருகுதா?"

"டிசம்பர்ல எங்கடி உருகும்?"

"உருகும் உருகும். உன் மூஞ்சியில தெரியுது."

ஈர்யா உலர்ந்த பிளம் பழ ஜாம் வைத்து நட்சத்திர வடிவத்தில் பன்னிரண்டு பலகாரம் சுட்டாள். அம்மா சுடுகிற மாதிரியே, ஓரம் லேசாகக் கருக. துணிப்பையில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அண்ணன் வீட்டு முன் வேனை நிறுத்தினாள்.

கதவில் துடைப்பம் சாத்தியிருந்தது.

அந்த ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வெளியே போகிறவர்கள் வாசல் துடைப்பத்தை எடுத்துக் கதவில் குறுக்காகச் சாத்திவிட்டுப் போவார்கள். வீட்டில் ஆள் இல்லை, அல்லது ஆளைப் பார்க்க விருப்பமில்லை என்று அர்த்தம். துடைப்பம் சாத்திய கதவை யாரும் தட்ட மாட்டார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட மாட்டார்கள். வந்த வழியே திரும்பிவிடுவார்கள். தவழும் வயதிலேயே மனதில் ஏறிப்போன மரியாதை அது.

ஈர்யா நிமிர்ந்து பார்த்தாள். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. ஆக, உள்ளே இருக்கிறான். இருந்துகொண்டே சாத்தியிருக்கிறான்.

 பையைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு ஓசைப்படாமல் திரும்பினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பகலில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. பனிக்குள் ஆயிரம் மெழுகுவர்த்திகள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. அம்மாவின் கல்லின் முன்னே ஒரு மெழுகுவர்த்திகூட இல்லை. பேச்சு இல்லாத ஆறு வருடத்திலும், ஈர்யா வரும்போது தாய்ஸ்தோவின் மெழுகுவர்த்தி அங்கே எரிந்துகொண்டிருக்கும். அவள் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். இந்த வருடம் அதுவும் இல்லை.

"யாருக்காகக் காத்துட்டு நிக்கிறீங்க?" என்றாள் ஹிமேனா.

"யாருக்கும் இல்ல. காத்து அடிக்குது, தீக்குச்சி பத்த மாட்டேங்குது."

காற்று அசையவே இல்லை.

திரும்பும்போது அவள் கை தானாக வேனை ஏரியின் அந்தக் கரைக்குத் திருப்பியது. துடைப்பம் அதே இடத்தில். கைப்பிடியில் துணிப்பையும் அதே இடத்தில், பனி போர்த்திக் கல்லாக உறைந்து தொங்கியது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இது யார் வீடு?"

"தெரிஞ்சவங்க வீடு. ஆள் இல்ல."

"புகை வருதே?"

"ஆள் இல்லன்னு சொன்னேன்ல?"

அந்தக் குரலைக் கேட்டதும் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மேஜையில் பன்றி இறைச்சியும் கிழங்கும் அப்படியே ஆறிப்போயின. ஈர்யா சாப்பிட்டது போல நடித்தாள், அந்தப் பெண் நம்பியது போல நடித்தாள்.

ஜனவரியில் மூன்றாவது முறை போனபோது அவள் வேனிலிருந்து இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. கண்ணாடி வழியே துடைப்பத்தைப் பார்த்தாள். 'சரி, உன் இஷ்டம்' என்று சொல்லிக்கொண்டு வேனைப் பின்னால் எடுத்துத் திருப்பினாள். வழியெல்லாம் கண்ணீர். மைனஸ் முப்பது டிகிரி குளிரில் அழுவதும் ஆபத்து, இமை ஒட்டிக்கொள்ளும். அதனால் சூடான காற்றை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு அழுதாள்.

சூரியன் திரும்பி வந்த வாரம். சனிக்கிழமை. ஹிமேனாவுக்கு இப்போது குளிர் பழகிவிட்டது. இரண்டு நீளக் கம்பிமேல் நாற்காலி வைத்த மாதிரியான சறுக்கு வண்டியைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு, உறைந்த ஏரி முழுக்கச் சுற்றுவாள். அன்று மதியம் அவள் கன்னம் சிவக்க வந்து, மேஜையில் ஒரு மீனைப் போட்டாள். வழவழப்பான, தாடி முளைத்த குளிர்கால மீன்.

"பாருங்க! ஐஸ்ல ஓட்டை போட்டு ஒரு பெரியவர் பிடிச்சார். எனக்குக் குடுத்தார்."

ஈர்யா மீனைப் பார்க்கவில்லை. அதன் செவுளில் கோர்த்திருந்த குச்சியைப் பார்த்தாள். வில்லோ மரக் குச்சியை வளைத்து, நுனியை இரண்டு முறை முறுக்கி, தோலைக் கொஞ்சம் சீவி வளையமாக்கியிருந்தது. அப்படிக் கட்டுகிறவர் அந்த ஏரியில் ஒருவர்தான் இருந்தார். ஈர்யாவின் அப்பா. அவர் அதைச் சொல்லிக்கொடுத்தது இரண்டே பேருக்கு, மகனுக்கும் மகளுக்கும்.

"என்ன சொன்னார் அவர்?" ஈர்யா கேட்டாள்.

"ரொம்ப இருமினார். எங்க தங்கியிருக்கேன்னு கேட்டார். ஈர்யா வீட்டுலன்னு சொன்னேன். தூண்டிலை மேல இழுத்துச் சுத்தி வச்சார். அப்புறம், 'அவ இன்னும் அந்த வேனைப் பிசாசு மாதிரிதான் ஓட்டுறாளா?'ன்னு கேட்டார். ஆமான்னேன்."

"அப்புறம்?"

"வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி குடுத்தார். பின்பக்கக் கதவு வழியா. பாவம் ஈர்யா, இடுப்பு சரியில்லையாம். அக்டோபர்ல ஒருநாள் முன்வாசலைப் பெருக்கும்போது வழுக்கி விழுந்தாராம். அன்னையிலேர்ந்து முன்கதவைத் திறக்கவே இல்லையாம். கொட்டகைக்குப் போக பின்கதவுதான் பக்கமாம்."

 அக்டோபர். பெருக்கிக்கொண்டிருந்தபோது.

"முன்கதவத் திறக்கவே இல்லையா?"

"இல்லைன்னுதான் சொன்னார். ஏன்? ஈர்யா, சாவிய எடுத்துட்டு எங்க ஓடுறீங்க?"

வேன் அன்று நிஜமாகவே பிசாசு மாதிரிதான் ஓடியது. வாசலில் துடைப்பம் சாய்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, பிறர் வீட்டில் சாத்திய துடைப்பத்தில் ஈர்யா கைவைத்தாள். இழுத்தாள். அசையவில்லை. குனிந்து பனியைக் கையால் தள்ளினாள். துடைப்பத்தின் அடிப்பாகம் படியோடு பனிக்கட்டியில் புதைந்து இறுகியிருந்தது. அக்டோபர் மழையில் நனைந்து, அதற்கடுத்த குளிரில் உறைந்த கட்டி. யாரும் அதைச் சாத்தவில்லை. விழுந்தவன் கையிலிருந்து நழுவிக் கதவில் சாய்ந்தது, அப்படியே நின்றுவிட்டது.

இடுப்பளவு பனியில் விழுந்து எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவுக்குப் போனாள். ஹிமேனா பின்னாலேயே ஓடி வந்தாள்.

அடுப்புப் பக்கத்து மரக்கட்டிலில் தாய்ஸ்தோ படுத்திருந்தான். ஆறு வருடத்தில் பதினாறு வருடம் கிழடு தட்டியிருந்தான். நெற்றி கொதித்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் உடைந்த சீழ்க்கை போல ஒரு சத்தம்.

"இந்தக் காய்ச்சலோட ஐஸ்ல போய் உட்கார்ந்தியா? உனக்குப் புத்தி இருக்கா?" ஆறு வருடத்துக்குப் பின் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"மீன் நல்லா இருந்துச்சா?" என்றான் அவன்.

ஹிமேனா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஈர்யா அண்ணன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு தடவ வந்தேன் தாய்ஸ்தோ."

"தெரியும். வண்டிச் சத்தம் கேக்கும். எந்திரிச்சு ஜன்னலுக்கு வர்றதுக்குள்ள செவப்பு வெளக்குதான் தெரியும். வாசல் வரைக்கும் வர்றா, உள்ள வர மனசு வரல, இன்னும் கோபம் தீரலன்னு நெனச்சேன்." இருமல் அவனைக் குலுக்கியது. "கதவத் தட்டியிருக்கலாமே ஈர்யா."

"துடைப்பம் இருந்துச்சே!"

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். வெளுத்த கண்கள்.

"எந்தத் துடைப்பம்?"

ஈர்யா வாயைப் பொத்திக்கொண்டாள். இருந்தும் அழுகை விரல்களுக்கு நடுவே பீறிட்டுக்கொண்டு வந்தது. அம்மா செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. தாய்ஸ்தோ அவள் முழங்காலைத் தட்டினான். சின்ன வயதில், ஏரியில் படகு ஆடும்போது பயப்படும் தங்கையைத் தட்டுவது போல.

"அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கப் போக முடியல" என்றான். "நீ வச்சியா?"

"வச்சேன்."

"அன்னிக்கு நான் சொன்னது... எல்லார் முன்னாலயும்..."

"பேசாத. மூச்சு வாங்குது."

"அது தப்பு" என்று முடித்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈர்யா அவன் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை.

நான்காவது நாள் காலை, வெளிச்சம் வருவதற்கு முன்பே, ஆஸ்பத்திரியில் அவன் மூச்சு நின்றது. நுரையீரல் முழுக்கச் சளி கட்டிவிட்டதாம். ஈர்யா அப்போது வேனில் ஏழு பிள்ளைகளோடு சாலையில் இருந்தாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகுதான் கைபேசியை எடுத்துப் பார்த்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டை ஒழுங்குசெய்ய இருவரும் போனார்கள். அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. ஈர்யா கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி எடுத்துவந்து, முன்வாசல் படியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பனிக்கட்டி இளகியது. துடைப்பம் கையோடு வந்தது. கைப்பிடியில் தொங்கிய பையை ஹிமேனா கழற்றினாள். உள்ளே பன்னிரண்டு நட்சத்திரமும் கல் மாதிரி அப்படியே இருந்தன.

"இப்ப வீட்டுல ஆள் இல்லையே" என்றாள் ஹிமேனா மெதுவாக. அவளுக்கு இப்போது ஊர் வழக்கம் தெரியும். "துடைப்பத்தச் சாத்தணுமா?"

ஈர்யா துடைப்பத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"வேணாம்மா."

அவள் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். முதலில் படிகள். பிறகு படியிலிருந்து சாலைவரைக்கும், வேன் நின்ற இடம்வரைக்கும், ஒரு ஆள் தாராளமாக நடந்துவரும் அகலத்துக்கு. இரண்டு மணிக்கு வெளிச்சம் போனது. அவள் நிறுத்தவில்லை. ஹிமேனா வேனில் ஏறி முன்விளக்கைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில், யாரும் வரப்போகாத அந்த வாசலை, ஈர்யா கல் தெரிய, மண் தெரியப் பெருக்கிக்கொண்டே இருந்தாள்.