ஆட்டுக்குட்டியை வரைந்தவள்

கோவை பீளமேட்டில் ஒரு பழைய மில் கிடங்கைத் தடுத்துக் கட்டிய அனிமேஷன் ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்தேன். குழந்தைப் பாட்டுகளுக்குப் படம் செய்து இணையத்தில் போடுவோம். முதலாளி மில் குடும்பத்துக்காரர். மிரட்டி எதையும் கேட்க மாட்டார்; 'ங்க' போட்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்.

போத்தனூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே, தண்டவாள ஓரம் மேயும் ஆடுகளைப் பார்த்துப் பார்த்து ஒரு குட்டியை வரைந்தேன். ஒரு காது மடிந்திருக்கும். பயந்தால் ஓடாமல் நின்ற இடத்திலேயே குதிக்கும். அந்தக் குதிப்புக்காகவே பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஸ்டூடியோ பிழைத்ததே அந்த ஆட்டால்தான்.

அதற்கு ஒரு விருது கிடைத்தது. விழாவுக்கு அம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன். முதலாளி மேடையேறி, "இந்தக் குட்டிய மொதல்ல வரைஞ்சது எம்பொண்ணுங்க. அப்ப ரெண்டாவது படிச்சிட்டிருந்தா" என்றார். கைதட்டல் ஓயவே இல்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "அப்ப நீ என்ன கண்ணு வரைஞ்சே?" என்று கேட்டாள்.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன்.

"ஏனுங்க அம்மணி, கோவிச்சுக்காதீங்க. மேடையில பேச ஒரு கதை வேணுமல்லங்க" என்று சிரித்தார்.

"சரிங்க சார்" என்று வந்துவிட்டேன். அன்று ஒரு கோடும் எனக்கு நேராக விழவில்லை.

அந்த வாரம்தான் பழைய அமெரிக்க அனிமேஷன் இயக்குநர் ஒருவரின் வாழ்க்கையைப் படித்தேன். கார்ட்டூன்கள் பேசத் தொடங்காத காலத்து ஆள். அவர் படங்களை வாங்கி விற்றவன், அவருக்குத் தெரியாமலே அவருடைய ஓவியர்களில் பெரும்பாலோரைத் தன் பக்கம் இழுத்துவிட்டான். அவர் உருவாக்கிய பாத்திரமும் ஒப்பந்தப்படி அவருக்கு இல்லாமல் போனது. படிப்பவர்கள் எல்லோரும் அந்த இயக்குநர் மீண்டு எழுந்ததைக் கொண்டாடுவார்கள். நான் பாடம் கற்றது ஆட்களை இழுத்த அந்த மற்றவனிடம். ஆட்டைப் பிடுங்க எனக்கு வழியில்லை. ஆட்களை இழுக்கலாம்.

கொச்சிக்காரர் ஒருவர் சரவணம்பட்டியில் புது ஸ்டூடியோ தொடங்கி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "தனியா வர மாட்டேங்க. டீமோட வாரேன்" என்றேன். பிறகு என்னோடு வரைந்தவர்களை ஒவ்வொருவராகப் பேக்கரிக்கு அழைத்து, டீயும் பஃப்ஸும் வாங்கிக் கொடுத்துப் பேசினேன். எல்லோருக்கும் முதலாளியால் ஏதோ ஒரு காயம் இருந்தது. மறந்துபோயிருந்தவர்களுக்கு நானே ஞாபகப்படுத்தினேன். பெரிய தொடர் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டிய நேரமாகப் பார்த்து, எல்லோரும் ஒரே காலையில் ராஜினாமா கொடுத்தோம்.

மதியம் போன் வந்தது. "ஏனுங்க அம்மணி, எல்லாரும் ஒண்ணாப் போனா நான் என்னங்க பண்ணுவேன்?" அவர் குரல் உடைந்திருந்தது.

"உங்க பொண்ணு வரையுமுங்களே சார்" என்றேன். போனை வைத்துவிட்டு ஆற அமர ஒரு டீ குடித்தேன். அப்படியொரு ருசி!

தொடர் அவர் கையை விட்டுப் போயிற்று. கிடங்கு இப்போது ஷட்டில் கோர்ட். ஆடு மட்டும் அவரிடமே இருக்கிறது. வெளியூரில் யாரிடமோ கொடுத்து வரைய வைக்கிறார். அவர்கள் பின்னங்காலை மனிதர் முழங்கால்போல மடிக்கிறார்கள். மதியச் சாப்பாட்டின்போது அதைப் போட்டுப் பார்த்து எல்லோரும் சிரிப்போம்.

போன வாரம் எங்களில் இளையவள், "போதுமுங்க்கா, விட்டுப்போடுங்க. பாவம் அந்தாளு" என்றாள்.

என்னால் முடியவில்லை. புதுப் படம் வந்தால் உடனே தெரிய வேண்டும் என்று அவர் சேனலின் மணியை அழுத்தி வைத்திருக்கிறேன்.