ஒத்துவராத மூன்று மாதம்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளை எல்லோரும் கணக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காற்றூட்டும் தொட்டிக்குள் வாழும் நுண்ணுயிர்கள் எவ்வளவு கழிவைத் தின்னும், எப்போது பெருகும், எப்போது சாகும் என்பதைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. கண்ணுக்கே தெரியாததை மேய்க்கிற ஒரே ஆள் நீதான் என்று கணவன் கேலி செய்வான்.

அந்தக் கணக்குக்குத் தீனி போட்டவர் தொட்டிக்காரர். தினமும் காலையில் இரும்புப் படியேறித் தண்ணீர் மொண்டு வருவார். சோதனைக் குழாயில் மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, அம்மோனியா எவ்வளவு என்று எழுதித் தருவார். பதினோரு வருஷப் பழக்கம். அவளைத் தங்கச்சி என்பார். பிரசவத்துக்கு அவள் லீவில் இருந்தபோதுகூட ஒரு நாள் விடாமல் போனில் எண்களைச் சொன்னவர்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. தொட்டி குளிர்ந்தால் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் சோம்பிப்போகும். அம்மோனியா ஏற வேண்டும். அவள் கணக்கு அப்படித்தான் சொன்னது. தொட்டிக்காரரின் எண்களோ அசையவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று இரண்டு வாரம் சமன்பாடுகளைக் குடைந்தாள். கடைசியில், சோதனை மருந்து கெட்டிருக்கலாம், பார்க்கவும் என்று மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள்.

வேறு ஆளை வைத்துச் சோதித்தபோது மருந்து கெடவில்லை என்று தெரிந்தது. மூன்று மாதமாகத் தொட்டிக்காரர் சோதனையே செய்யவில்லை. பழைய எண்களையே முன்னே பின்னே மாற்றி எழுதியிருந்தார். சர்க்கரை நோயில் பார்வை மங்கிக்கொண்டே போனதில் வெளிர் மஞ்சளும் அடர் மஞ்சளும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. சொன்னால் வேலை போய்விடும் என்று வாயைப் பூட்டிக்கொண்டார். ஓய்வுக்கு ஒன்றரை வருஷமே இருந்தது.

அந்த வாரமே நீக்கிவிட்டார்கள். வாசல் காவலுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் மன்றாடினாள். பொய் எழுதியவருக்கு விதியில் இடமில்லை என்றார் மேலாளர்.

தொட்டிக்காரர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அவர் மனைவி அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் குரலை வைத்துத்தான் அவளை அடையாளம் கண்டார்.

“ஏண்ணே, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“ரெண்டு தடவை உன் ரூம் வாசல் வரைக்கும் வந்தேன் தங்கச்சி. கணக்கு ஒத்துவரலன்னு நீ யார்கிட்டயோ போன்ல புலம்பிக்கிட்டிருந்தே. அது என்னாலதான்னு சொல்ல வாய் வரல.”

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

“இப்போ ஒத்துவருதா?” என்று அவரே கேட்டார்.

தலையசைத்தாள். அது அவருக்குத் தெரியாது என்று உறைத்தபிறகு, “வருதுண்ணே” என்றாள்.

உண்மைதான். அந்த மூன்று மாதத்தை எடுத்துவிட்டு ஓட்டியதும் கணக்கு அச்சாகப் பொருந்தியது. கூட்டத்தில் மேலாளர் அவளைப் பாராட்டினார். அவள் பாதியிலேயே எழுந்து வெளியே போய் நின்றாள்.

அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனபோது வீடு பூட்டியிருந்தது. மகளோடு போய்விட்டார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எந்த ஊருக்கு என்று கேட்டதும், நீங்க ஆபீஸா என்றாள். ஆபீஸிலிருந்து யார் வந்து கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று அவர் மனைவி சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.