சேஷன் சொன்ன ‘ஆப்’

பக்கவாதம் வந்து பேச்சே நின்றுபோயிருந்த சேஷன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மறுபடி வாயைத் திறந்தபோது சொன்ன முதல் வார்த்தை “பானி”. தண்ணீர் கேட்கிறார் என்பது அவர் மனைவி விசாலாக்ஷிக்குப் புரிந்தது. தமிழில் ஏன் கேட்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

சேஷன் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். வேலை கிடைத்து டெல்லி வந்த பிறகு ஆபீசில் கற்றுக்கொண்டதுதான் அவருடைய ஹிந்தி. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்துவிட்டால் தமிழ் மட்டும்தான். விசாலாக்ஷி பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஆட்டோவுக்கு வழி சொல்லும் அளவுக்குத்தான் அவளுக்கு ஹிந்தி வரும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான் இருந்தது. அவள் தமிழில் பேசினால் அவருக்கு எல்லாம் புரிந்தது. பதில் மட்டும் ஹிந்தியில் வந்தது. பள்ளியிலிருந்து பட அட்டைகளைக் கொண்டுவந்து பசுவைக் காட்டினாள். “காய்” என்றார். காய்கறி என்கிறாரோ என்று பயந்துவிட்டாள். ஹிந்தியில் பசுவுக்கு அதுதான் பெயர் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டால் தமிழில் வராது. “ஒண்ணு, ரெண்டு” என்று எடுத்துக் கொடுத்தால் பத்துவரை தடங்கலில்லாமல் ஓடுவார். அப்படியென்றால் அந்த ‘மூணு’ உள்ளே எங்கேயோ இருக்கிறது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த ஸ்வப்னா, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். விசாலாக்ஷி அவளை விடவில்லை.

“தாய்மொழிதானே மொதல்ல உள்ள போனது? அதுதானே பத்திரமா இருக்கணும்?”

“நிறைய பேருக்கு அப்படித்தான் ஆன்ட்டி. சில பேருக்கு உல்டா. தமிழ் அழிஞ்சு போகல, அதை எடுக்கற வழிதான் அடைச்சிருக்கு.”

மொழிக்கு ஓர் அறை என்று மூளையில் கிடையாது, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன, வரிசையாக எண்ணுவது பழக்கத்தில் தானாக ஓடுவது, எது முதலில் திரும்பும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றெல்லாம் ஸ்வப்னா விளக்கினாள்.

ஒரு நாள் மாலை விசாலாக்ஷி பள்ளியிலிருந்து திரும்பியபோது, சேஷன் இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஆப் பைட்டியே. தக் கயீ ஹோங்கீ.” நீங்கள் உட்காருங்கள், களைத்திருப்பீர்கள்.

அவள் நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ‘நீ’, இல்லாவிட்டால் ‘டீ’. ஆபீசில் எல்லாரிடமும் மரியாதையாகப் பேசிப் பழகிய ஹிந்தி அது, அதில் அவருக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தாள். இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டார். தமிழில் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் தட்டுத்தடுமாறி ஹிந்தியில் சொன்னாள். அடுத்த நாளும் கேட்டார். ஸ்வப்னா வரும்போது அவளும் கூட உட்கார்ந்து ஹிந்தி கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் தமிழ் வந்தது. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்து, “விசாலம், பால்” என்று கத்தினார். கத்திவிட்டு அவரே திகைத்துப்போய் அழுதார். அவளும் அழுதாள். பால் வழிந்து அடுப்பு அணைந்தது. அதன்பின் நாளுக்கு நாள் வார்த்தைகள் சேர்ந்தன. கூடவே “காப்பி கொண்டாடீ”யும் வந்தது.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு விசாலாக்ஷி கேட்டாள். “ஏன்னா, அந்த ‘ஆப்’ எங்க போச்சு?”

அவர் வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிப் பார்த்தார். “உன்னை நீங்கன்னு சொல்லிப் பாக்கறேன். தமிழ்ல வரமாட்டேங்கறது.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது. அப்படியானால் சாயங்காலக் காப்பிக்கு மட்டும் ஹிந்தியிலேயே பேசுவோம் என்றாள். அவரும் ஒப்புக்கொண்டார். கோடையில் ஆபீசுக்குத் திரும்பி, இலகுவான வேலைக்கு மாற்றிக்கொண்ட பிறகும் அது நிற்கவில்லை.

ஸ்வப்னா கடைசியாகப் பயிற்சிக்கு வந்த அன்று அவளிடம், இந்த வயதில் உள்ளே போகிற ஹிந்தி தன் மூளையில் எங்கே போய் உட்காரும் என்று விசாலாக்ஷி விசாரித்தாள். எந்த வயதிலும் கற்கக் கற்க மூளை கொஞ்சம் மாறத்தான் செய்யும், ஆனால் இதுதான் இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது என்று ஸ்வப்னா சிரித்தாள்.

அந்தப் பதில் போதாமல், மாலையில் அதே கேள்வியைச் சேஷனிடம் ஹிந்தியில் கேட்டாள். தெரியவில்லை என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “ஆப்கோ க்யா லக்தா ஹை?” என்றார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

காப்பி ஆறிப்போகும்வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.